முக்கால் டிரம் தண்ணீர்

அன்றைக்கு உப்பளத்தின் பெரிய வரப்பில் இருந்தவர்கள் மொத்தம் பதிமூன்று பேர். மேஸ்திரி ஒருவர். பாத்தியில் உப்பு வாருகிற ஆண்கள் மூன்று பேர். வாரிய உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுகிற பெண்கள் ஏழு பேர். அந்த ஏழில் நான் ஒருத்தி, என் கொழுந்தனாரின் மனைவியான என் ஓரகத்தி ஒருத்தி. கணக்கெடுக்க வந்த மேடம் ஒருவர். பிறகு அவர் வந்த ஜீப்பின் டிரைவர். டிரைவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இத்தனை சரியாக எனக்கு ஞாபகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. யார் முன்னால் எதைச் சொல்லக் கூடாது என்று அன்று முழுக்க ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும்.

சுனாமி வந்து போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. கத்திரி வெயில். எங்கள் பக்கம் அந்த ஐந்து மாதத்தில் ஃபாரம் எழுதாத ஆளே கிடையாது. படகுக்கு ஒரு ஃபாரம், வீட்டுக்கு ஒரு ஃபாரம், பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஒரு ஃபாரம். இந்த மேடம் கொண்டுவந்தது மட்டும் புது மாதிரி. வெயிலால் யாருக்கு என்ன கஷ்டம் என்று கடலோரம் முழுக்க ஊர் ஊராகக் கேட்டு எழுதுகிறார்களாம். சுடிதார் போட்டுக்கொண்டு குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கினார். உப்பின் வெள்ளை புதிதாக வருகிறவர்களை அப்படித்தான் செய்யும்.

"உங்கள்ல எழுதத் தெரிஞ்சவங்க யாருங்க?" என்று கேட்டார்.

ஆறு கையும் என் பக்கம் நீண்டது.

"இவ ஏழாவது படிச்சவ மேடம்," என்றாள் எங்களில் மூத்தவள். "வடை சுத்தின பேப்பரைக்கூடப் படிச்சிட்டுத்தான் வடையைத் தின்னுவா."

ஏழாவதில் பாதியில் நின்றவள் என்பதுதான் உண்மை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் கூடை தூக்க வந்துவிட்டேன். அதை மேடத்திடம் சொல்லலாமா, சொன்னால் ஃபாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று யோசிப்பதற்குள் பேனா என் கையில் இருந்தது.

முதல் கேள்வி, வெயிலால் உங்களுக்குப் பாதிப்பு உண்டா?

மூத்தவள் சிரித்துவிட்டாள். "இன்னாங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க? வெயில் அடிச்சாத்தான் உப்பு பூக்கும், உப்பு பூத்தாத்தான் எங்களுக்குச் சோறு. மழை வந்தா அப்ப வந்து கேளுங்க, பாதிப்பை மூட்டையா சொல்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் பொய்யும் இல்லை. தையில் முதன்முதலாக உப்பு எடுக்கிற அன்று எங்கள் அளத்தில் சூரியனுக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிவிட்டுத்தான் பாத்தியில் கால் வைப்போம். அதற்குப் பிறகு மழைக்காலம் வரைக்கும் யாரும் வெயிலைத் திட்டக் கூடாது. திட்டினால் மழை வந்து பூத்த உப்பைக் கரைத்துவிடும் என்பது பேச்சு. மயக்கம் வந்து உட்கார்ந்தால்கூட 'பித்தம்' என்போமே தவிர 'வெயில்' என்று சொல்ல மாட்டோம். ஏழு ஃபாரத்திலும் 'இல்லை' என்று எழுதினேன்.

குடிதண்ணீர் போதுமான அளவு கிடைக்கிறதா என்று அடுத்த கேள்வி. அதற்கு மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"தண்ணி பிரச்சினையே இங்க கிடையாதுங்க மேடம். தெனமும் டிராக்டர்ல நல்ல தண்ணி வருது. நீங்களே பாருங்க, மணி பதினொண்ணு ஆகுது, இன்னும் முக்கா டிரம் இருக்குது."

நீல டிரம்மைக் கையால் தட்டிக் காண்பித்தார். தண்ணீர் தளும்பிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மேடம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். 'போதுமான அளவு கிடைக்கிறது' என்று ஏழு தடவை எழுதினேன்.

ஆறாவது ஃபாரம் என் ஓரகத்தியுடையது. எழுதும்போது அவளை நிமிர்ந்து பார்த்தேன். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். போன வருஷம் மூன்று மாதத்தில் ஒன்று கலைந்து போயிருந்தது. இந்தத் தடவை நர்சம்மா கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருது, இது பிள்ளைக்கு ஆகாது, தண்ணியைக் குடி, குடிச்சுக்கிட்டே இரு. அவள் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் குடிக்கவில்லை என்றும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

கிளம்பும்போது மேடம் சொன்னார், "எல்லா ஊர்லயும் எழுதி முடிச்சதும், எங்க கஷ்டம் அதிகமோ அங்க முதல்ல உதவி போகும். நாளைக்கும் நாளை மறுநாளும் நான் அனுமந்தையில இருப்பேன்."

ஜீப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கையெழுத்தாலேயே எங்களை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேனே.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஓரகத்தி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தரையில் சுருண்டு படுத்திருந்தாள்.

"அடிவயிறு எரியுதுக்கா."

"இன்னிக்கு எப்போ தண்ணி குடிச்சே?"

"காலைல நாலு மணிக்கு. கிளம்பும்போது."

"அவ்வளவுதானா? நர்சம்மா அவ்வளவு தூரம் சொன்னாங்களே."

"அவங்களுக்கு இன்னாக்கா, சொல்லிட்டாங்க. குடிச்சா எங்கக்கா போறது?"

நானும் அந்த நாலு மணிக்குக் குடித்ததுதான். உப்பளத்தில் ஒரு செடி முளைக்காது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பாத்தி, வரப்பு, மறுபடியும் பாத்தி. ஒரு கொக்கு வந்து நின்றால் ஒரு மைல் தூரத்துக்குத் தெரியும். ஆண்கள் வாய்க்கால் ஓரமாகப் போய் முதுகைக் காட்டி நின்றால் முடிந்தது. நாங்கள் விடியுமுன் வீட்டில் போய்விட்டு வந்தால் மத்தியானம் ஒரு மணிக்கு வீடு திரும்பும் வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்க முடியாது என்பதால் குடிப்பதை நிறுத்திவிட்டோம். அதைப் பற்றி எங்களுக்குள்ளேகூடப் பேசிக்கொண்டதில்லை. அவரவர் வாயை அவரவர் கட்டிக்கொண்டோம். டிரம்மில் தண்ணீர் மீந்தது அப்படித்தான்.

அவள் புருஷனிடம் சொல்லி வேலையை விடச் சொல்லலாம் என்றால், அவன் கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான், வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் அதிகம். அவள் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு அனுமந்தைக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பயங்கள் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தன. மேஸ்திரிக்குத் தெரிந்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பாரே. எழுதினதை மாற்றச் சொன்னால் அது குற்றமா? எந்த வார்த்தையைப் போட்டு இதைச் சொல்வது? இரண்டு தடவை நடுவில் இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். கண்டக்டர், "இன்னாம்மா, சீட்ல முள்ளா குத்துது?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அனுமந்தையில் சுனாமிக்குப் பிறகு போட்ட தற்காலிகக் கொட்டகைகளில் ஒன்றில் மேடம் இருந்தார். கறுப்புத் தார் ஷீட் கூரை. உள்ளே காலை வைத்ததும் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. மீனவப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இதுல மனுசன் இருப்பானா? கருவாடு காயப் போடலாம். எழுதிக்குங்க மேடம், நல்லாப் பெரிய எழுத்துல எழுதிக்குங்க." எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி வாய் திறந்து சொல்ல எங்களுக்கு ஏன் வரவில்லை?

கூட்டம் கலையும் வரைக்கும் வெளியில் நின்றேன். மேடம் அடையாளம் கண்டுகொண்டு வந்தார்.

"என்னங்க, இவ்ளோ தூரம்?"

"மேடம், நேத்து எழுதினது தப்புங்க."

"எது?"

டிரைவர் ஜீப்பில்தான் இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்த்ததை மேடம் கவனித்திருக்க வேண்டும். என்னைக் கொட்டகையின் பின்பக்கம் அழைத்துப் போனார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த டிரம்ல தண்ணி இருக்குதுங்க. நாங்க குடிக்கறது இல்லிங்க. குடிச்சா எங்கங்க போறது?" என்றேன். ஓரகத்தியின் ஐந்தாம் மாதத்தையும் சொன்னேன்.

மேடம் தோள்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். மூடியே திறக்காத பாட்டில்.

"காலைலேர்ந்து நானும் ஒரு வாய் குடிக்கலைங்க," என்றார். "பதினேழு நாளா இப்படித்தான் சுத்தறேன். எந்த ஊர்ல எங்க போறதுன்னு தெரியாம. ஆனா அதைக் கேக்கணும்னு எனக்கே தோணல பாருங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஆளுக்குப் பாதி அந்தப் பாட்டிலைக் குடித்தோம். அங்கே ஒரு மீனவ அம்மா தன் வீட்டுக் கழிப்பறையைக் காட்டினார்.

நாலு நாள் கழித்து மேடம் மறுபடியும் எங்கள் அளத்துக்கு வந்தார். இந்தத் தடவை ஜீப் இல்லை, டிரைவர் இல்லை. எங்களோடு விடியற்காலையில் நடந்தே வந்தார். ஃபாரத்தை எடுக்கவில்லை. கையில் ஒரு சாக்பீஸ் மட்டும். டிரம்மில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வெளியே ஒரு கோடு போட்டார். பிறகு வரப்பில் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டு, யார் வந்து டிரம்மில் டம்ளர் விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு. மத்தியானம் வேலை முடியும்போது முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தது. அந்த ஜாணும் மூன்று ஆண்களும் மேஸ்திரியும் குடித்தது.

"பெண்கள் யாருமே வரலையே," என்றார் மேஸ்திரியிடம்.

மேஸ்திரி எங்களைப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் பார்த்தார்.

"ஏம்மா, அன்னிக்குத் தலைவலின்னியே, அது இதானா? வேலைக்கு வர்றியா, புகார் குடுக்க வர்றியா?"

மூத்தவள்தான் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து உதறிக்கொண்டே பேசினாள். "அவள ஏன்யா கேக்கறீங்க? என்னைக் கேளுங்க. பதினாறு வருசமா கூடை தூக்கறேன். இந்த டிரம்ல ஒரு டம்ளர் மொண்டு குடிச்சிருப்பேனா?"

"தண்ணி வெச்சிருக்குதில்ல? குடிக்க வேணாம்னு நானா சொன்னேன்?"

"குடிக்கறது வாய் வேலை. மிச்ச வேலைக்கு எங்க போவட்டும்? உங்க தலை மேலயா?"

பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். உப்பு வாருகிற ஆண்கள் மூன்று பேரும் திடீரென்று கையிலிருந்த வாரும் பலகையைத் தண்ணீரில் அலசுவதில் மும்முரமானார்கள்.

மேஸ்திரி முகம் மாறிவிட்டது. குரலை இறக்கி, "எங்க வீட்டுக்காரியும் பத்து வருசம் இங்கதான் கூடை தூக்கினா. ஒரு நாளும் சொல்லலியே," என்றார்.

"உங்ககிட்ட எப்படிய்யா சொல்லுவா? நீங்கதானே மேஸ்திரி."

அவர் மனைவிக்கு மூன்று வருஷமாக நீர்ப்பையில் தொந்தரவு என்பது ஊருக்கே தெரியும்.

மேடம் அப்போது வெளிப்படையாகச் சொன்னார்: அவர் எழுதிக் கொடுத்து, அதை மேலே படித்து, பணம் வந்து ஏதாவது கட்டுவதற்குள் இந்த வருஷத்து வெயில் முடிந்துவிடும். கொடுக்க அவர் கையில் எதுவும் இல்லை. எங்கள் முகங்கள் விழுந்ததைப் பார்த்து அவர் கண் கலங்கியது. அந்த நேரத்தில்தான், அதுவரை வாயே திறக்காத என் ஓரகத்தி, கொட்டி வைத்திருந்த உப்பு மேட்டைக் காட்டி மேஸ்திரியிடம் கேட்டாள்:

"மழைக்கு முன்னாடி இந்த உப்புக்கெல்லாம் கீத்து போட்டு மூடறீங்க இல்ல மாமா? அந்தக் கீத்து நாலு பக்கம் மறைப்பு கட்டறதுக்கு ஆவாதா?"

எல்லோரும் உப்பு மேட்டைப் பார்த்தோம். வருஷா வருஷம் நாங்கள்தான் அதற்குக் கீற்று எடுத்துக் கொடுக்கிறோம். ஒரு தடவைகூட எங்களுக்குத் தோன்றியதில்லை.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஓனர்கிட்ட கக்கூசுன்னு சொன்னா, உப்புக்குப் பக்கத்துலயான்னு குதிப்பாரு. கூடை வைக்கிற கொட்டான்னு சொல்லிக்கறேன். எடம் நான் காட்டறேன். கீத்துக்கும் கழிக்கும் நீங்க வழி பண்ணிக்குங்க. அவருகிட்ட நான் துட்டு கேக்க முடியாது."

கீற்றுக்காரரிடம் கடன் சொல்லி, அடுத்த வாரமே கட்டிவிட்டோம். உப்பு மேட்டுக்கு எட்டத்தில், பாத்திக்கு வடிந்து போகாத களிமண் மேட்டில் குழி வெட்டி, போய்விட்டு வந்ததும் அள்ளிப் போட்டு மூடப் பக்கத்தில் ஆற்று மணலைக் குவித்து, சவுக்குக் கழி நட்டு, சுற்றிக் கீற்று அடைத்து, மேலேயும் நாலு கீற்று போட்டோம். கழி நட மட்டும் அந்த மூன்று ஆண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன், "எங்களுக்கு ஒரு கொட்டா கிடையாதா?" என்று கேட்டு மூத்தவளிடம் நன்றாகத் திட்டு வாங்கினான்.

கட்டி முடித்த பிறகு யாரும் உள்ளே போகவில்லை. எல்லோருக்கும் கூச்சம். கடைசியில் மூத்தவள் போனாள். திரும்பி வந்து, "திருப்பதி போயிட்டு வந்த மாதிரி இருக்குதுடி," என்றாள். அப்புறம் வரிசை நின்றது.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. பாம்பு வந்து உட்காருமோ, ஓனர் திடீரென்று வந்து கூடை எங்கே என்று கேட்பாரோ என்று தினமும் இரண்டு உடைந்த கூடைகளைக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். ஆடிக் காற்றில் ஒரு பக்கம் பிய்ந்து பறந்தபோது, பார்த்தீங்களா, நான் நினைச்சேன் என்றேன். மற்றவர்கள் அதைத் துரத்திப் பிடித்து மறுபடியும் கட்டினார்கள்.

ஓரகத்தி குடித்தாள். ஒரு கூடை கொட்டிவிட்டு வந்தால் ஒரு டம்ளர். முதல் வாரத்திலேயே பத்து மணிக்கு டிரம் காலியாகிவிட்டது. மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, டிரம்ல ஓட்டையா?" என்று கத்தினார். கத்திவிட்டு, டிராக்டர்காரனிடம் நாளையிலிருந்து இரண்டு டிரம் என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். எரிச்சல் குறைந்தது, உதட்டு வெடிப்பு ஆறியது. நர்சம்மா, "இப்பத்தான் என் பேச்சு காதுல ஏறிச்சா?" என்று அவளைத் திட்டிக்கொண்டே சந்தோஷப்பட்டார். ஏழாம் மாதம் முடிந்ததும் நான்தான் அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன்.

ஆவணி மாதத்தில் மேடம் வந்து புது ஃபாரம் ஒன்றைக் காட்டினார். 'வெயிலால் பாதிப்பு உண்டா' என்ற கேள்வியே அதில் இல்லை. இன்று முதலில் எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தீர்கள், வேலை செய்யும் இடத்தில் பெண்கள் ஒதுங்க மறைவு உண்டா என்று ஆரம்பித்தது. பெண்களைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்று மேலேயே அச்சடித்திருந்தது. மற்ற அளங்களில் கேட்டு எழுத என்னை அழைத்துப் போனார். மூன்று நாள் எழுதினேன். எல்லா இடத்திலும் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருத்தி ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. ஏழாவதில் பாதியில் நின்றவள் என்று அந்த மூன்றாம் நாள் மேடத்திடம் சொல்லியும்விட்டேன். "தெரியும், உங்க மூத்தவங்க அன்னிக்கே தனியாச் சொல்லிட்டாங்க," என்றார்.

கீற்றுக்காரர் கழியும் கீற்றும் சேர்த்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்க்குக் கடனாகத்தான் போட்டிருந்தார். வேலை இருக்கிற வாரம் ஆளுக்கு ஐந்து ரூபாய் சேர்த்துக் கொடுத்து வந்தோம். ஓரகத்தி நின்ற பிறகு அவள் பங்கை நான் போட்டேன். பத்து வாரம் தவறாமல் கொடுத்தோம். அதற்குப் பிறகு சேர்ந்த இரண்டு வாரப் பணம் எழுபது ரூபாய் மூத்தவளின் முந்தானை முடிச்சில் இருந்தது. புரட்டாசியில் ஒரு நாள் காலை ஓரகத்திக்கு வலி எடுத்தபோது எங்கள் இரண்டு வீட்டிலும் காசு இல்லை. மூத்தவள் யாரையும் கேட்கவில்லை, முடிச்சை அவிழ்த்து ஆட்டோக்காரன் கையில் வைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் நினைக்காத கெடுதல் இல்லை. பத்து மணிக்கெல்லாம் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது, அளத்தை மூடிவிட்டார்கள். கீற்றுக்காரர் பணம் கேட்டு வீட்டுக்கு வந்தார். மூத்தவள் நடந்ததைச் சொன்னாள். அவர் துணியில் சுற்றிக் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்தார். "சரி, தையில அளம் தொறக்கட்டும்," என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். பாக்கி நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.